எந்த அம்மா?

எனக்குள் வேலை செய்யும் சிறுநீரகம் என் அம்மாவுடையது. வலப்பக்க அடிவயிற்றில், கை வைத்தால் லேசாகத் தட்டுப்படுகிற இடத்தில் அதை வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் அம்மா முதலில் என்னை விசாரிப்பாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அது எப்படிய்யா இருக்கு?" என்பாள். கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி மாப்பிள்ளையிடம் கேட்கிற குரல் அது. "அதுக்கென்ன, சொகமா இருக்கு" என்று நானும் மாப்பிள்ளை முறுக்கோடு பதில் சொல்வேன்.

அது சுகமாக இருப்பது அவ்வளவு லேசான காரியமில்லை. உடம்புக்கு உறவுமுறை தெரியாது. பெற்றவளே கொடுத்தது என்றாலும் அந்நியப் பொருள் என்றுதான் பாயும். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கடித்துவிடக் கூடாதே என்று வாசல் நாயைக் கட்டிப்போடுவோம் இல்லையா, அதைத்தான் என் மாத்திரைகள் செய்கின்றன. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிப்போடுகின்றன. விருந்தாளி நிரந்தரமாகத் தங்க வந்தவள், ஆகவே நாய்க்கும் நிரந்தரக் கட்டு. திருடனே வந்தாலும் அது படுத்துக்கொண்டுதான் பார்க்கும். ஊருக்கெல்லாம் இரண்டு நாள் சளி என்றால் எனக்கு ஒரு வாரம் ஆஸ்பத்திரி.

அதனால் வெளியே போகும்போது மாஸ்க் போடுவேன். "கொரோனாதான் போயிடுச்சே சார், இன்னும் எதுக்கு இது?" என்று லிஃப்டில் யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "உங்களுக்குப் போயிடுச்சு" என்பேன். அடுக்ககத்தில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் இருப்பதாக என் மனைவி சொல்கிறாள். இருக்கட்டும்.

நாங்கள் இருப்பது பருத்திப்பட்டில், ஏரியிலிருந்து நாலு தெரு தள்ளி, முதல் மாடி. பால்கனிக்கு நேர் கீழே சுற்றுச்சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீடு. அந்த வீட்டு அக்காதான் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகம். எங்கள் அடுக்ககம் நிற்கும் மனை ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலம். விற்றதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் எந்த இடத்தில் என்ன போட்டிருந்தோம் என்பதை மட்டும் மறக்க மாட்டார். "நைனா, நீ படுக்குற ரூம்பு இருக்குதே, அது கத்திரிக்கா போட்ட எடம். அதான் உனுக்கு உடம்பு அரிக்குது" என்பார். அவருடைய வீட்டுக்காரர் ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன்.

இது ஆடி மாதம் நடந்தது. பருத்திப்பட்டில் ஆடி என்றால் காதுக்குப் பஞ்சு வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி, விடிந்தால் அம்மன் பாட்டு. தெருவுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம், ஆட்டோக்களின் முகப்பில் வேப்பிலை. எங்கள் அடுக்ககத்து கேட்டில்கூடக் காவல்காரர் ஒரு கொத்தைச் செருகி வைத்திருந்தார்.

அக்காவின் அம்மா ஊத்துக்கோட்டைப் பக்கம் தனியாக இருந்தார். கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டதால் அவரை இங்கே அழைத்து வந்து வைத்துக்கொள்ளப் போவதாக அக்கா சொல்லியிருந்தார். காலை மாத்திரையை ராத்திரியும் ராத்திரி மாத்திரையைக் காலையிலும் போடுகிறார் என்பது பெரிய குறை. மாத்திரை விஷயத்தில் நான் முனைவர் பட்டம் வாங்காத நிபுணன். என்னிடம் கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்று கூடுதலாக இருந்தது. அம்மா வந்ததும் கொடுக்கிறேன், எப்படிப் போடுவதென்று நானே சொல்லித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா சுவர் ஓரமாக எதையோ பறித்துக்கொண்டிருந்தார். நான் பால்கனியிலிருந்து கத்தினேன்.

"அக்கா, அம்மா வந்துட்டாங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா நைனா, அம்மா வந்துகீறாங்க. ராவுல இருந்து." பிறகு இன்னும் ஏதோ சொன்னார். "ஊட்டாண்ட வரா..." வரைக்கும் கேட்டது. மிச்சத்தை ஒலிபெருக்கி தின்றுவிட்டது. கையை வேறு ஆட்டினார். கூப்பிடுகிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அவர்கள் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. ஆடிக்கு ஊரெல்லாம் செருகியிருந்தது, இதில் மட்டும் எனக்கு என்ன தெரியப்போகிறது? குனிந்து உள்ளே போனேன். ஜன்னலை மூடி வைத்திருந்தார்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒரு கட்டிலும், அதில் தலையோடு கால் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்த ஓர் உருவமும் மட்டும் தெரிந்தன. மஞ்சள் வாசனை அடித்தது. பின்கட்டில் அம்மியில் அரைக்கும் சத்தம். வயசானவர்களுக்கு மாஸ்க்குக்குள்ளிருந்து பேசினால் புரியாது, பயந்தும் போவார்கள் என்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டேன். முக்காலியை இழுத்துக் கட்டிலுக்கு அருகில் போட்டு உட்கார்ந்தேன்.

"ஆயா, தூங்குறீங்களா?"

பதில் இல்லை. பிரயாணக் களைப்பு என்று காத்திருந்தேன். விருந்தாளிக்குரிய பொறுமையோடு, மூச்சை நன்றாக இழுத்து விட்டுக்கொண்டு, அந்த அறையின் காற்றையெல்லாம் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போர்வைக்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. குளிருமே என்று மூடப் போனேன். ஆயாவுக்கு இவ்வளவு பெரிய பாதமா என்று யோசிக்கும்போதே போர்வை விலகியது. அண்ணன். நெற்றியிலிருந்து கழுத்து வரைக்கும் முத்து முத்தாக நீர் கோத்துக் கிடந்தது.

"நைனாவா? எட்டப் போ நைனா," என்றார் முனகலாக. "அம்மா கீறாங்க."

அப்போதுதான் பின்கட்டிலிருந்து அக்கா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த கிண்ணத்தோடு வந்தார். என்னைப் பார்த்ததும் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, வராதன்னு அந்தக் கத்து கத்துனனே! உன் உடம்பு இன்னா உடம்பு, இங்க வந்து மூஞ்சத் தொறந்துகினு குந்திகினு கீற?"

"அம்மா வந்திருக்காங்கன்னு நீங்கதானேக்கா..."

"அம்மாதான் வந்துகீறாங்க! எங்கம்மா எங்க வந்துச்சி? அம்மா வந்துட்டதால எங்கம்மாவ வரவேணாம்னு சொல்லிட்டேன்!"

எங்கள் வீட்டில் அம்மை கண்டால் 'முத்து போட்டிருக்கு' என்போம். அம்மா என்றால் எனக்கு அம்மாதான். மாத்திரை டப்பாவை முக்காலியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். தெருவெல்லாம் அம்மன் பாட்டு.

என் சிறுநீரக டாக்டர் பதற்றப்படாத பெண்மணி. அவர் வார்த்தையை எண்ணிப் பேச ஆரம்பித்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். போனில் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "சின்ன வயசுல உங்களுக்கு அம்மை வந்திருக்கு இல்லையா?" என்றார். வந்திருக்கிறது என்றேன். ஆபரேஷனுக்கு முன்னால் வேறோர் ஊரில் டாக்டர்கள் கேட்டபோதும் என் அம்மா அதைத்தான் சொன்னாள். டாக்டர் விடவில்லை.

"எந்த அம்மை?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நமக்கு உடம்பில் சிவந்து எது வந்தாலும் அம்மைதான். எங்கள் ஊரில் முத்து என்கிற சின்னம்மை, மணல்வாரி என்கிற தட்டம்மை, தாடை வீங்கினால் புட்டாளம்மை. ஒவ்வொன்றுக்கும் கிருமி வேறு. ஒன்று வந்து போனால் அதே ஒன்றுக்குத்தான் காப்பு, அடுத்ததற்கு இல்லை. நான் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எந்த அம்மைன்னா?" என்றாள் அம்மா. "ஒனக்கு மணல்வாரி வந்துச்சு. பொறவு ஒருக்கா தாடை வீங்கிக் கெடந்த. முத்து ஒங்க அக்காவுக்குல்லா போட்டுச்சு. நீ பூஞ்சை உடம்பு, தாங்க மாட்டன்னு ஒன்னைய அன்னைக்கே பெரியம்மா வீட்ல கொண்டு விட்டுட்டேன். மூணாந் தண்ணி ஊத்துன பொறவுதான் கூட்டியாந்தேன். ஏன்யா கேக்க?"

சொன்னேன்.

"அப்பவே வந்துட்டுப் போயிருக்கும்," என்றாள். "நாந்தான் ஒன்னைய ஒளிச்சு வச்சிட்டேன்."

காப்பாற்றியதற்காக வருத்தப்படுகிறாள். "சரி விடும்மா, ஊசி இருக்கு" என்றேன்.

ரத்தத்தைச் சோதித்ததில் சின்னம்மைக்கு எதிரான காப்பு என்னிடம் துளியும் இல்லை என்று தெரிந்தது. தடுப்பூசி போட முடியாது. அதில் இருப்பது தளர்ந்துபோன உயிருள்ள கிருமி, எனக்கு அதுவே எமன். அதனால் வேறு மனிதர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருளை ஊசியாகப் போட்டார்கள். இரவல் சிறுநீரகத்துக்கு இரவல் காவல். இதையும் மீறி வரலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். மற்றவர்களுக்குப் பாயில் கிடந்து எழுந்துவிடக்கூடிய நோய். எனக்கு வந்தால் நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் இறங்கலாம். அப்போது என் மாத்திரையைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் அம்மா கொடுத்தது போகலாம். ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அந்த நிமிடமே கிளம்பி வாருங்கள் என்றார். கிட்டத்தட்ட ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

காத்திருந்தோம். மனைவிக்குக் கல்லூரி ஹாஸ்டலில் ஏற்கெனவே சின்னம்மை வந்து போயிருந்ததால் அவளுக்குப் பயமில்லை. தினமும் காலையில் பால்கனிக் கதவு வெளிச்சத்தில் என்னைச் சட்டையில்லாமல் நிறுத்தி, முதுகை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். பருத்திப்பட்டு ஏரிக் கொசுக்கள் இரக்கம் அறியாதவை. ஒவ்வொரு கொசுக்கடியும் சந்தேகத்துக்கு ஆளாகும். பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போடுவாள். அடுத்த நாள் தடிப்பு வட்டத்தைத் தாண்டவில்லை என்றால் அது கொசு. கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை இவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை. அதைச் சொன்னபோது முதுகில் ஓர் அடி விழுந்தது. பிறகு அவள் நெற்றி என் தோளில் வந்து சாய்ந்தது.

வாசல் கதவில் மனைவி ஒரு தாள் ஒட்டியிருந்தாள். 'நோய்த்தொற்று அபாயம். தயவுசெய்து மணி அடிக்காதீர்கள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கொட்டை எழுத்தில். அதைப் படித்துவிட்டு மணி அடித்தார்கள். கூரியர்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், பராமரிப்புச் செயலாளர், எல்லோரும். செயலாளர் "இன்னா சார் நோட்டீஸ்லாம்?" என்று கேட்பதற்காகவே மணி அடித்தார். நான் கதவுக்கு உள்ளிருந்து கத்தியதை இங்கே எழுத முடியாது.

ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் நிலைப்படியில் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து. அண்ணனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து, தொற்றுக் காலமும் கழிந்தபின் அக்கா வந்து செருகிவிட்டுப் போயிருக்கிறார். மனைவிக்கு முகம் மாறிவிட்டது. பால்கனிக்குப் போய்க் கேட்டாள்.

"வந்தாத்தானக்கா கட்டுவாங்க? வரதுக்கு முன்னாடியே கட்டினா கூப்பிடற மாதிரி ஆகாதா?"

"கூப்ட்ல பாப்பா. இதுவும் உன் ஊடுதான், வந்தா பட்டும் படாம எட்டிப் பாத்துட்டுப் போயிடும்மான்னு சொல்லி வெச்சிகீறேன்."

மனைவி அதைக் கழற்றப் போனாள், பிறகு விட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஒருவர்கூட மணி அடிக்கவில்லை. கூரியர்காரர் படியிலேயே பொட்டலத்தை வைத்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். செயலாளர் முதல் மாடியைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார். கீழே அக்கா வேறு, சுவரோரம் நின்று எங்கள் படியேறுகிறவர்களையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தார். "மேல போவாத. அம்மா பாத்துகினு கீற ஊடு." எங்கள் கொட்டை எழுத்து நோட்டீஸ் அதே கதவில், வேப்பிலைக்கு நடுவில், யாரும் படிக்காமல் இருந்தது.

ஆனாலும் வந்தது. ஊசி போட்டு மூன்றாவது வாரம் ஒரு காலை, மனைவியின் விரல் என் அடிவயிற்றில் நின்றது. வலப்பக்கத் தையல் தழும்புக்கு ஒட்டினாற்போல ஒரு சின்ன நீர்முத்து. வட்டம் போட அவள் பேனாவை எடுக்கவில்லை. "கெளம்பலாம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் தனி அறை. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மாத்திரையைக் குறைத்தார்கள். காலையில் நுரையீரலுக்கு ஒரு படம், சிறுநீரகத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. இரண்டாம் நாள் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு கொஞ்சம் ஏறியது; சிறுநீரகம் தடுமாறினால் ஏறுகிற அளவு அது. அன்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. சாகிற பயத்தை விட, அம்மா கொடுத்ததைத் தொலைத்துவிட்டு அவளிடம் போய் எப்படிச் சொல்வேன் என்கிற பயம்தான் பெரிதாக இருந்தது. அவள் போன் செய்தபோது வழக்கமான கேள்விக்குக் காத்திருந்தேன். அவள் 'அதை'ப் பற்றிக் கேட்கவே இல்லை. "நீ எப்படிய்யா இருக்க?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

முத்துக்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவோடு நின்றன. நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை. ஏறிய அளவும் மெல்ல இறங்கி, பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. முத்தெல்லாம் காய்ந்து பொருக்கு கட்டியபின் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி யாரும் பக்கத்தில் வரலாம் என்று டாக்டர் சொன்னதும் அம்மா ரயில் ஏறிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆடி முடிந்து ஒலிபெருக்கிகள் ஓய்ந்திருந்தன. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே பேச்சை மாற்றினார்.

"இன்னா நைனா, ஊட்ல கொழம்பு வாசனையெல்லாம் தூக்குது? யாரு?"

"அம்மா வந்திருக்காங்கக்கா."

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எந்த அம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தழும்பு வலிக்கிற அளவுக்கு. சத்தம் கேட்டு அம்மா கரண்டியோடு பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னைப் பெத்த அம்மாக்கா" என்றேன்.

சற்று நேரத்தில் அக்கா மாடியேறி வந்துவிட்டார். வாசலில் காய்ந்து சருகாகியிருந்த வேப்பிலைக்குக் கீழே, உள்ளே வராமல் நின்றார். அம்மா வாங்க வாங்க என்று கூப்பிட்டாள். அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீ குட்த்தத நான் பாயாக்கப் பாத்தேன்மா. ஒயுங்கா வெளங்குற மாதிரி சொல்லாம பூட்டேன்."

"ஒங்களால இல்லம்மா, என்னாலதான்," என்றாள் அம்மா. "சின்னதுலயே வரவேண்டியத நாந்தான் ஒளிச்சு வச்சிட்டேன்."

"இல்லம்மா, என் மேலதான் தப்பு."

"நீங்க சும்மா இருங்க, நாஞ் சொல்லுதேன்லா."

குற்றத்துக்கு இப்படி இருவர் அடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. போதும், இரண்டு பேரும் உட்காருங்கள் என்று அதட்டினேன். அக்கா உட்காரவில்லை. அந்தச் சிறுநீரகத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா என்னிடம் கேட்காமலே என் சட்டையை ஒதுக்கி, அக்காவின் கையை எடுத்துத் தழும்பின் மேல் வைத்தாள். தழும்புக்கு அருகில் அந்த முதல் முத்து, உதிராத பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதையும் பார்த்தார். உள்ளே உருண்டையாக இருப்பதையும் விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார்.

"இதாண்டயா வந்து நின்னாங்க மொத மொத?"

ஆமாம் என்றேன்.

"அதான்," என்றார் அக்கா. "வந்து பாத்துகீறாங்க. உள்ள ஏற்கெனவே ஒரு அம்மா கீறாங்க. நமுக்கு இன்னா வேலைன்னு எறங்கிட்டாங்க."

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "எய்யா, ஒனக்கு மாத்திரை நேரமாச்சே" என்றாள்.